ஐந்துக்குப் பூஜ்யம்

கம்பாலா,
12 மே 2024.

அன்புள்ள பாலு,

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் தொலைபேசி தானாக அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன். சிக்னல் போய்விட்டது என்று மறுநாள் உனக்கு அனுப்பிய செய்தி பொய். நீ அதை நம்பியிருக்கமாட்டாய் என்பதும் தெரியும், நாற்பத்தைந்து ஆண்டுகளாக என் பொய்களுக்குக் கணக்கு வைத்திருப்பவன் நீ. வாய்ப்பேச்சில் உன்னை நான் என்றைக்குமே வென்றதில்லை என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே உகாண்டாவில் எல்லோரும் நலம். உமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. கணக்கை அடுத்த மாதம் தீர்த்துவிடுகிறேன்.

அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். பெண்கள் அணிகளுக்கான உலக பாட்மிண்டன் போட்டியான ஊபர் கோப்பையில், சீனாவின் செங்டு நகரில், உகாண்டாப் பெண்கள் மூன்று நாடுகளிடமும் தோற்றுத் திரும்பியதைப் பற்றி, “ஐந்துக்குப் பூஜ்யம் வாங்குவதற்கு விமானச் செலவு வேறா?” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், உன் கிளப்பின் பெண்கள் அணியை இந்த ஆண்டு மாநிலப் போட்டிக்கு அனுப்பப்போவதில்லை என்றும், முதல் சுற்றோடு திரும்பி வருகிறவர்களுக்கு எதற்கு ரயில் செலவு என்றும் சொன்னாய். முதலாவதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவதைக் கேட்டுத்தான் போனை வைத்தேன்.

பிப்ரவரி நடுவில் நீ எனக்கு மணிக்கொரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாயே, நினைவிருக்கிறதா? மலேசியாவின் ஷா ஆலமில் நம் பெண்கள் தாய்லாந்தை 3-2 என்று வென்று முதன்முறையாக ஆசிய அணிக் கோப்பையைத் தூக்கிய வாரம் அது. கடைசி ஆட்டத்தில் இறங்கிய அன்மோல் கார்ப் என்ற சின்னப் பெண்ணைப் பற்றி நீ அனுப்பிய குரல் செய்தி மட்டும் ஏழு நிமிடம். அதே வாரத்தில் கெய்ரோவில் ஆப்பிரிக்க நாடுகளின் அணிப் போட்டி நடந்தது. 2020இலும் 2022இலும் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த எகிப்துப் பெண்களின் சொந்த ஊரிலேயே உகாண்டாப் பெண்கள் கோப்பையை வாங்கிவிட்டார்கள். நான் அதை உனக்கு எழுதினேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினாய்.

இந்தப் போட்டி எப்படிப்பட்டது என்று உனக்கு ஒருமுறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் பாட்மிண்டன் கூட்டமைப்பு 1977இல் தார் எஸ் சலாமில் தொடங்கப்பட்டது. கண்டத்தின் முதல் போட்டி 1979இல் கானாவின் குமாசியில் நடந்தது. நீ என் பம்பரத்தை உடைத்து இரண்டாகத் திருப்பிக் கொடுத்த ஆண்டு அது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இப்போது இரட்டைப்படை ஆண்டுகளில் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் தனித்தனியாக நடக்கிறது. ஆண்களில் வெல்லும் நாட்டுக்குத் தாமஸ் கோப்பையிலும் பெண்களில் வெல்லும் நாட்டுக்கு ஊபர் கோப்பையிலும் இடம் உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் பதினாறு அணிகள் சேரும் அந்தப் பந்தியில் ஆப்பிரிக்காவுக்கென்று போடப்படும் இலை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதாக வந்தவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த ஓர் இலைக்கு எத்தனை பேர் என்று பார். 2016இல் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நடந்தபோது ஆண்களில் தென்னாப்பிரிக்காவும் பெண்களில் மொரீஷியஸும் வென்றன. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து அச்சிடும் அந்தச் சின்னத் தீவுதான் 2018இலும் அல்ஜியர்ஸில் பெண்கள் பட்டத்தை வென்றது. ஆண்களில் அன்று தொடங்கி 2020, 2022, 2024 என்று நான்கு முறையும் அல்ஜீரியாவே. அவர்களில் கொசைலா மம்மெரி என்பவரும் அவர் தங்கை தனீனாவும் கலப்பு இரட்டையர் ஜோடியாகச் சேர்ந்து இந்த ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போகிறார்கள். நீயும் உன் அக்காவும் ஒரே கோர்ட்டில் நின்றால் நடப்பதை நினைத்துக்கொண்டேன். 2020 பிப்ரவரியில் கெய்ரோவில் வென்ற அல்ஜீரிய ஆண்களும் எகிப்துப் பெண்களும் அதற்கான பலனை அடையக் கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2021 அக்டோபரில்தான் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் போய் ஆடினார்கள். அப்படிக் காத்திருந்து போனவர்களுக்கு எதிரே நின்றது இந்தோனேசியா, கொரியா போன்ற மலைகள்.

2022இல் இதே போட்டி கம்பாலாவிலேயே, லுகோகோ அரங்கில், பிப்ரவரி 14 முதல் 17 வரை நடந்தது. நான்கு நாளும் விடுப்பு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உமா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். கூட்டமெல்லாம் உகாண்டா ஆடும் கோர்ட்டின் பக்கம் இருந்தது. நான் ஓரத்துக் கோர்ட்டில் ஆடிய ஓர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன், அதையும் கேலிக்கு வைத்துக்கொள்வாய். அணிப் போட்டியில் ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம் என்பது உனக்குத் தெரியும், மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். ஒருவர் ஓர் ஒற்றையரும் ஓர் இரட்டையரும் ஆடலாம் என்பது விதி. பணமுள்ள நாடுகள் பத்துப் பேரைக் கூட்டி வந்து ஆளுக்கு ஒன்றைக் கொடுக்கின்றன. அந்த அணியில் மொத்தமே நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒற்றையரில் மூன்றாவது கேம் வரை ஓடியவள், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரட்டையருக்குத் திரும்பி வந்து நின்றாள். நடு கேமில் அவள் பேட்டின் நரம்பு அறுந்தது. பையைத் திறந்து பார்த்தாள். வேறு பேட் இல்லை. பெஞ்சில் இருந்தவள் தன்னுடையதை நீட்டினாள். அதன் கைப்பிடி இவள் பழகியதைவிடப் பருமனாக இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் விரல்களை விரித்து விரித்து மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அந்தக் கேமை வென்றார்கள். மோதலில் தோற்றார்கள். நான் எழுந்து நின்று கைதட்டியபோது பக்கத்தில் இருந்தவர் நான் அந்த நாட்டுக்காரனா என்று கேட்டார்.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன், காக்கின், அதாவது இறகுப் பந்தின், வேகம். கம்பாலா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு என்பதால் ஐந்து கிராம் எடையுள்ள அந்தப் பதினாறு இறகுக்குத் தடை குறைவு; நம் ஊரில் கோட்டுக்குள் விழும் அடி இங்கே கோட்டைத் தாண்டி ஓடிவிடும். அதனால் 75, 76 என்று எண் போட்ட மெதுவான காக் வாங்குகிறோம். ஜோகன்னஸ்பர்க் இன்னும் உயரம். கெய்ரோவோ கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது, பிப்ரவரியில் குளிரும் உண்டு. நைல் ஆறு எங்கள் பக்கத்து ஜிஞ்சாவில் ஏரியை விட்டுக் கிளம்பி அவ்வளவு தூரம் இறங்கிப் போய்ச் சேரும் ஊர் அது. இங்கே ஆண்டு முழுவதும் பழகிய பெண், மணிக்கட்டில் பதிந்துபோன அளவோடு அங்கே போய்ப் பின்கோட்டுக்குத் தூக்கி அடித்தால் காக் நடுக் கோர்ட்டிலேயே தொங்கி நிற்கும். எதிரே இருப்பவளுக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்த ஸ்மாஷ். முன்கூட்டியே போய் ஒரு வாரம் பழக வசதியிருந்தால் சரிசெய்துகொள்ளலாம். அந்த ஒரு வாரத்துக்குத்தான் காசு இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் போய் வென்று வந்தவர்களைப் பார்த்துத்தான் நீ சிரித்தாய்.

இனி செங்டு. உகாண்டா இருந்த பிரிவில் மற்ற மூவர் ஜப்பான், இந்தோனேசியா, ஹாங்காங். உகாண்டாவுக்கு இது முதல் ஊபர் கோப்பை. தோற்பார்கள் என்பது இங்கே தெருவில் சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டி ரோலெக்ஸ் விற்கும் பையனுக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? காலிறுதியிலிருந்து ஒரு நாடு மூன்று ஆட்டம் வென்றதும் கடையைக் கட்டிவிடுகிறார்கள். பிரிவுச் சுற்றில் முடிவு தெரிந்துவிட்டாலும் ஐந்தையும் ஆடியே ஆக வேண்டும். நீ சிரிக்கிற அந்த ஐந்து என்ற எண் அதனால்தான் வருகிறது. எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. முதல் மூன்றும் போன பிறகு, கம்பாலாவில் மாலை நேரத்தில் கோர்ட் கிடைக்காமல் முறை வைத்துப் பழகுகிற மூன்றாம் நிலை ஆட்டக்காரி ஒருத்தி, இந்தோனேசியாவின் மூன்றாம் நிலை ஆட்டக்காரிக்கு எதிரே இறங்குகிறாள். அந்த நாற்பது நிமிடத்தை அவள் எங்கே போய் வாங்க முடியும்? லாகோஸிலும் ரோஸ் ஹில்லிலும் கெய்ரோவிலும் இங்கேயும் நடக்கிற சர்வதேசப் போட்டிகளில் பெரும்பாலும் தெரிந்த முகங்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். தரவரிசைப் புள்ளிக்கு வேறு கண்டம் போவதென்றால் பெரும்பாலும் அப்பா கடன் வாங்க வேண்டும்.

உனக்கு வலிக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே செங்டுவில், அதே வாரத்தில், ஆசியாவை வென்ற நம் பெண்கள் சீனாவிடம் என்ன வாங்கினார்கள்? ஐந்துக்குப் பூஜ்யம். பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் மூன்றுக்குப் பூஜ்யம். சிந்து போகவில்லை, எல்லோரும் இளம்பெண்கள், அனுபவம் கிடைத்ததே போதும் என்று அப்போது நீ எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அந்தச் செய்தியை அப்படியே எடுத்து நாட்டின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. உன் வீட்டுக் கூடத்தில், சுவாமிமலை முருகன் படத்துக்கு வலப்பக்கம், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாயே ஒரு சான்றிதழ், அது எதற்குக் கொடுத்தது? 1990இல், காக்குக்குப் பதில் கம்பளிப் பந்தை அடித்து ஆடும் பூப்பந்துக்காக மதுரைக்குப் போய் முதல் சுற்றில் 29-7, 29-4 என்று நாம் தோற்றதற்கு. குண்டு சேகர் அந்த நான்கையும் தானே எடுத்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஐந்து பேரும் பதிவு செய்யாத பெட்டியில் நின்றுகொண்டு போனோம். வாழைத்தார்க்காரர் விஷயத்தை இங்கே எடுக்கவில்லை. ஆனால் பின்வரிசையிலிருந்து பந்தை அறுத்துவிடுகிற உன் ‘கட்’ இருக்கிறதே, பூப்பந்து ஆடுகிறவரை தஞ்சாவூர் ஜில்லாவில் யாரும் எடுக்க முடியாமல் திணறிய அந்த அடி, அதை நீ முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்த மதுரைக்காரரிடம்தான். திரும்பி வந்த மறுநாள் காலையில் ராமமூர்த்தி மாஸ்டர் வருவதற்கு முன்பே மண் கோர்ட்டில் நீ ஒற்றை ஆளாக அதைப் பழகிக்கொண்டிருந்ததை நான் சைக்கிளில் நின்று பார்த்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மாஸ்டர் கையிலிருந்த காசைப் போட்டு நம்மை அனுப்பியிராவிட்டால் உனக்கு அந்த அடியே கிடையாது, பாலு. நம்மைப் பார்த்து முதல் சுற்றோடு திரும்பி வருகிற கூட்டம் என்று யாராவது அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

உன் பெண்களும் தோற்கட்டும். ஹுசீனா கொபுகாபே, டிரேசி நலுவூசா என்று இங்கே ஷட்டில் ஆடும் சிறுமிகள் சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுத் தோல்வி இருக்கிறது என்று லுகோகோவில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். இந்த முறை கெய்ரோவில் வென்ற நாடு, முன்பு ஒவ்வொரு முறையும் தோற்கப் போன நாடுதான். போகாமலே இருந்திருந்தால் இது நடந்திராது. செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உனக்கு வரவுசெலவுக் கணக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள்.

ஜூன் முதல் வாரத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று நீயே சொன்னாய். ஐந்து பெண்களுக்கும் கூடப் போகிறவருக்கும் ரயில் கட்டணம் எவ்வளவு என்று எழுது. அம்மாவின் மாத்திரைக் கணக்கோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன். கிளப்பில் யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் வேண்டாம் என்று வீறாப்புப் பேசினால் பேசு, ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டுப் பேசு.

சேகரின் மருமகன் இருபதாம் தேதி ஊருக்கு வருகிறான். அவனிடம் இரண்டு டியூப் இறகுக் காக் கொடுத்தனுப்புகிறேன், பெண்களுக்கு. இங்கே வாங்கியது, 75ஆம் எண். கும்பகோணத்துத் தாழ்வுக்கு அது மெதுவாகப் போக வேண்டும், ஆனால் மே மாத வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் ஒருவேளை சரியாகவே இருக்கலாம். எதற்கும் பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் ஒருமுறை அடித்துப் பார். எதிர்ப் பின்கோட்டுக்கு முன்னால் ஒரு முழத்திலிருந்து இரண்டு முழத்துக்குள் விழுந்தால் அப்படியே ஆடலாம். அதற்கும் முன்னால் விழுந்தால் இறகு நுனியை உள்பக்கமாக மடித்துக்கொள். வெளிப்பக்கமாக மடித்துத் தொலைக்காதே, சேகர் அந்தத் தவற்றைச் செய்து ஒரு டியூபையே பாழாக்கியது உனக்கு மறந்திருக்காது.

அன்புடன்,
ரகு