வாட் கணக்கை விடுங்கள், பம்பையைப் போட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்குவது பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரை, இந்த அளவு அறைக்கு இத்தனை வாட் என்று ஒரு பட்டியலோடு முடிந்துவிட்டது. அந்தப் பட்டியலைக் கத்தரித்துக்கொண்டு கடை ஏறுபவர் ஏமாறுவதற்கே வாய்ப்பு அதிகம். வட ஆற்காட்டில் பம்பை என்னும் இரட்டை மேளமும் பறையும் கேட்காத தெரு கிடையாது. அத்தகைய தோல் கருவிகளின் நல்ல பதிவைப் பென் டிரைவில் எடுத்துப்போய்க் கடையிலேயே போட்டுக் கேட்டால், செட்டின் சாயம் ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இன்று வெளிவரும் பாட்டுகள் பெரும்பாலும் ஒலியை நெருக்கி, மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்திப் பதியப்படுபவை. எந்தச் செட்டிலும் அவை ஓரளவு நன்றாகவே கேட்கும். தோல் கருவி அப்படியல்ல. அதன் அடி விழும் கணத்தில் ஒலி, சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எகிறி, உடனே அடங்கிவிடும். 10 டெசிபல் ஏற வேண்டுமானால் ஆம்ப்ளிபயர் 10 மடங்கு சக்தி தர வேண்டும். 15 டெசிபலுக்கு 32 மடங்கு. 20 டெசிபலுக்கு 100 மடங்கு. சராசரியாக 1 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் செட், ஒரு பம்பை அடிக்காக மட்டும் 30 வாட்டுக்கு மேல் தர வேண்டியிருக்கும். தர முடியாதபோது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். பித்தளைப் பம்பையின் 'கணீர்' அப்போது 'சர்'ரென்று கிழிந்து கேட்கும். வால்யூமை இன்னும் திருப்பினால் சத்தம் கூடாது, கிழிசல்தான் கூடும். அந்த இடமே செட்டின் உண்மையான எல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பொருட்டல்ல.

வெட்டுப்பட்ட அலையால் காதுக்கு மட்டும் கேடு என்று நினைக்க வேண்டாம். முழுக்கத் தட்டையாகிப்போன அலை, அதே உச்சமுள்ள சீரான அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கும். அதில் ஒரு பகுதி மேல் ஸ்தாயியில் இருப்பதால், அந்த ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கராகிய ட்வீட்டருக்குப் போய்ச் சேரும். முடி போன்ற கம்பி சுற்றிய அதன் 'காயில்' (கம்பிச்சுருள்) கருகிவிடும். "ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப்ளிபயர் 20 வாட்தான், எப்படிப் போச்சு?" என்று மெக்கானிக்கிடம் வாதாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ட்வீட்டரைச் சுட்டது பெரிய ஆம்ப்ளிபயர் இல்லை. மூச்சுத் திணறிய சின்ன ஆம்ப்ளிபயர்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பிஎம்பிஓ வாட், அதாவது கணநேர உச்சம் என்று சொல்லப்படும் வாட். அதை அளப்பதற்கு எல்லோரும் ஏற்ற முறை எதுவும் கிடையாது. 5000 என்றும் போடலாம், 10000 என்றும் போடலாம், கேட்பார் இல்லை. பொய் சொல்லாத இடம் ஒன்று உண்டு: அடாப்டரில், அல்லது செட்டின் பின்பக்கம், ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர். 18 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 36 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் தொடர்ந்து வெளியே வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய முறை ஆம்ப்ளிபயரில் பாதிக்குச் சற்று மேல், டிஜிட்டல் என்று சொல்லப்படும் கிளாஸ்-டி வகையில் 85 சதவீதம் போல. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் (கீழ் ஸ்தாயிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்து வாட் தேறுவதே கஷ்டம். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத இன்னொரு விஷயம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிபயரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலவில்லாத வாட் அது.

கடைச் செட்டு வேண்டாம், அசெம்பிள் செட்டே போதும் என்பவர்கள் எங்கள் பக்கம் இன்றும் நிறைய. நல்ல வழிதான், ஆனால் அதிலும் தோல் கருவி பிடித்துக்கொடுக்கும் குறைகள் உண்டு. எல்ஏ 4440 என்ற ஆம்ப்ளிபயர் ஐசி உள்ள போர்டு வாங்கி, 12 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போடுகிறார்கள். 12 வோல்ட் ஏசியை டயோடு வைத்து டிசி ஆக்கினால் கிடைப்பது 12 அல்ல, ஏறக்குறைய 15.5 வோல்ட். சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் கூடுதலாகவே தரும். வீட்டு மின்சாரமும் 250-ஐத் தொட்டால் ஐசிக்கு 18 வோல்ட் என்ற எல்லை பக்கத்தில் வந்துவிடும். 'ஐசி டூப்ளிகேட்டு' என்று பழி போடுவதற்கு முன் மீட்டரை வைத்து இதைப் பார்த்துவிடுங்கள் (டூப்ளிகேட் ஐசியும் சந்தையில் இல்லாமல் இல்லை).

அடுத்தது, டிசி சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெபாசிட்டர். 2 ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் சப்ளை ஒவ்வொரு முறையும் 4 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். பறை அடி விழும் கணத்தில் சப்ளை பள்ளத்தில் இருந்தால் அடி மொக்கையாகிவிடும். 10000 மைக்ரோஃபாரட் போட்டால் இந்த ஏற்ற இறக்கம் 2 வோல்ட்டாகக் குறையும். ஆனால் கெபாசிட்டரை மட்டும் பெரிதாக்கிவிட்டு பழைய 4007 டயோடுகளை அப்படியே விட்டால், சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் மின்னோட்டத்தில் அவை ஷார்ட் ஆகும். அவை 1 ஆம்பியர் டயோடுகள். 6 ஆம்பியர் டயோடு நான்கு போடுங்கள். கெபாசிட்டர் வாங்கும்போது 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியிலேயே 40 டிகிரிக்கு மேல். டிவி அலமாரிக்குள் கதவை மூடி வைத்த செட்டின் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹீட் சிங்கின் தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி பொருத்துங்கள், படுக்கவைத்தால் சூடான காற்று மேலேறாது. டிடிஏ 2030 ஆம்ப்ளிபயர் ஐசி போடுபவர்கள் அதன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது என்பதை மறக்க வேண்டாம். பிளஸ்-மைனஸ் இரட்டை சப்ளையில் மைக்கா தாள் இல்லாமல் எர்த் ஆன ஹீட் சிங்கில் முடுக்கினால் உடனே ஷார்ட்தான்.

கிராமப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது தெரிந்த கதை. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், டிரான்ஸ்பார்மர் செட்டின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காலையில் கடையில் நன்றாக அடித்த செட் இரவு வீட்டில் ஏன் கிழிகிறது என்பதற்கு இதுவே விடை. எஸ்எம்பிஎஸ் (வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தானே சரிசெய்துகொள்ளும் மின்சப்ளை) வைத்த செட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரைச்சல் இருந்தால் முதலில் உள்ளீட்டு வயரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு வயரிலோ எர்த்திலோ. நிற்காவிட்டால் ஃபில்டர் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம்.

பரிசோதனைக்கு ஒரு தோல் கருவி போதாது, இரண்டு வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) கரணை என்னும் கருப்புப் பூச்சு இருப்பதால் அதன் மேற்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன. 1920-இல் சி.வி.ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். அந்த மேற்சுரங்கள் குழம்பாமல் வந்தால்தான் 'நம்' சுருதியோடு நிற்கும். ஒற்றைக் கெபாசிட்டரோடு ட்வீட்டரைக் கட்டிய மலிவு ஸ்பீக்கரில் அது வெறும் 'டம்' ஆகிவிடும். பறையில் பார்க்க வேண்டியது வேறு: மெல்லிய நீளமான சுண்டுகுச்சியின் நுனி சத்தமும் தடித்த குட்டையான அடிகுச்சியின் சத்தமும் தனித்தனியே கேட்கின்றனவா என்பது. இரண்டும் ஒட்டிக் கேட்டால் வேறு செட் பாருங்கள்.

பதிவு நன்றாக இருக்க வேண்டும் என்பது முன்நிபந்தனை. மயானக் கொள்ளைத் திருவிழா அன்று பாலாற்றிலும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் பம்பைக்காரர் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் பிடித்து எடுப்பதில் பயன் இல்லை. போன் தானாகவே மைக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும்; முதல் அடி வெட்டுப்படும், அடுத்த அடிகள் அமுங்கும். தானியங்கி அளவை நிறுத்தும் வசதியுள்ள ரிக்கார்டிங் செயலியில், வேவ் கோப்பாக, பத்தடியாவது தள்ளி நின்று, பலமான அடிக்கு செயலியின் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மறுபடியும் நசுங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கருவியும் தயாராக இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஈரக் காற்றில் தோல் தளரும், பறையைத் தீயில் காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். சுள்ளியோ வைக்கோலோ கொளுத்தி, தோலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவது முறை. ஒரு பக்கம் அதிகம் காய்ந்தால் அங்கே கீறல் விடும். மிருதங்கத்தைத் தீப்பக்கம் கொண்டுபோகக் கூடாது, கரணை வெடித்து உதிரும். ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கின்றனவே, பறைக்கு அங்கே தோல் வாங்கலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. செருப்புக்குப் பதனிட்ட தோல் வளையும், ஒலிக்காது. பதனிடாமல் இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோல்தான் விறைத்து நின்று அதிரும்.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. 10 அடிக்கு 12 அடி கான்கிரீட் அறையில் 10 அடி நீளத்தில் 57 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியும், 12 அடி நீளத்தில் 48 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியும் தங்கி முழங்கும். மூலையில் ஒட்டிவைத்த வூஃபர் எல்லாத் தாளத்தையும் 'ங்ங்' என்று இழுப்பது அதனால்தான். சுவரை விட்டு ஒன்றரை, இரண்டு அடி நகர்த்துங்கள். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இந்த முழக்கம் காணாமல் போகும், பின்சுவரில் சாய்ந்தால் மிஞ்சும்; நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டு உட்காருவது நல்லது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண், அது கீழ் ஸ்தாயியைத் தொடவே தொடாது. சுவரோரம் நிறுத்திய கனமான இலவம்பஞ்சு மெத்தை அதைவிட மேல்.

எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி வீட்டு ஆம்ப்ளிபயரின் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அடிகள் எந்த நெருக்கமும் இல்லாமல் வருபவை. பாட்டுக்கு வைத்த வால்யூமிலேயே கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடித்தால் வூஃபரின் கோன் முன்னால் தள்ளி, காயில் அடிப்பாகத்தில் முட்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் தொடங்கி ஏற்றுங்கள். கிக் மிதியின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும், ஹெட்போன் போட்டாலும் அது நிற்காது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை இரண்டுக்கு இடையில் டென்னிஸ் பந்துகளை வைத்து, அவை உருளாதபடி கீழ்ப் பலகையில் 5 சென்டிமீட்டர் துளைகள் போட்டு உட்காரவைத்தால் பெருமளவு அடங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜ டிரம்ஸ் அடிப்பவர் காதருகே 100 டெசிபல் சாதாரணம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி அந்த அளவுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம்தான். காதடைப்பான் இல்லாமல் உட்கார வேண்டாம்.

அடுத்த முறை தங்கள் இணைப்பில் பட்டியல் போடும்போது ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), ஸ்பீக்கர் எத்தனை ஓம், சென்சிடிவிட்டி, அடாப்டரின் வோல்ட் ஆம்பியர் ஆகியவற்றையும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த வாட் எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளக்கப்பட்டது என்பதும் தேவை. 10 சதவீதத்தில் அளந்த வாட்டை 1 சதவீதத்தில் அளந்ததோடு ஒரே வரிசையில் வைத்தால் பட்டியல் மறுபடியும் தப்பாகிவிடும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி, தாளக்கருவி ஆர்வலர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.