தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு: ‘மறுக்கிறேன்’ பட்டன் எங்கே?

தமிழ்ச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்கள் செய்திகளைப் பற்றி இந்த மடலில் குறை சொல்லப்போவதில்லை. அவற்றின் கீழே வந்து நிற்கும் குக்கீ (நம்மை அடையாளம் காண ஒரு தளம் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு) அறிவிப்பைப் பற்றித்தான் பேச்சு.

உங்களில் சிலருடைய தளத்தைத் திறந்தால், திரையின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, பக்கத்தில் ‘அக்செப்ட்’ என்று ஒரே ஒரு பட்டன். சில தளங்களில் அதுவும் கிடையாது. பட்டன் இருக்கும் ஒரு தளத்தில், அதைத் தொடாமலே, குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தை அழுத்திக் குக்கீ பட்டியலைத் திறந்தேன். கேள்விப்பட்டே இராத விளம்பர நிறுவனங்களின் முகவரிகள் வரிசையாக இருந்தன. சம்மதம் கேட்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்தப் பட்டன்?

எல்லாக் குக்கீயும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தாதாரர் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தராமல் படிக்க முடிவதே குக்கீயால்தான். உறுத்துவது மூன்றாம் தரப்புக் குக்கீ, அதாவது நான் திறந்த தளம் அல்லாமல், அதற்குள் இருக்கும் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் போடுவது. உங்கள் தளத்தில் சர்க்கரை நோய்க் கட்டுரை படித்தேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. அடுத்து நான் போகிற சமையல் தளத்திலும் துணிக்கடைத் தளத்திலும் அதே விளம்பர நிறுவனம் உட்கார்ந்துகொண்டு, ‘அதே ஆள்தான்’ என்று என்னைக் கண்டுகொள்கிறதே, அதுதான் சிக்கல்.

‘வேண்டாதவர் பிரவுசரிலேயே தடுத்துக்கொள்ளலாமே’ என்பீர்கள். சஃபாரி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. குரோமோ, மூன்றாம் தரப்புக் குக்கீயைக் கைவிடுவதாக 2020இல் சொல்லி, 2024இல் பின்வாங்கியது. அதிலும் அமைப்புகளில் ‘தனியுரிமை’ பகுதிக்குள் போய்த் தடுக்கலாம், நானும் தடுத்திருக்கிறேன். ராசிபலன் பார்க்க வருகிற என் பெரியம்மாவிடமும் அதை எதிர்பார்க்கிறீர்களா?

சரி, சட்டத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. குக்கீ என்று பெயர் சொல்லாவிட்டாலும், ஓர் ஆளை அடையாளம் காட்டுகிற தரவு எதுவும் அதன் எல்லைக்குள் வரும். சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும், சம்மதம் கேட்கும் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. முழுக்கத் தமிழிலேயே நடக்கும் தளம், அனுமதியை மட்டும் ஆங்கிலத்தில் கேட்பது வேடிக்கைதான்.

இன்னொன்று. பிளஸ் டூ ரிசல்ட் அன்று உங்கள் பக்கங்களில் வந்து குவிகிறவர்களில் பலருக்கு 18 வயது ஆகியிருக்காது. சிறாரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் இதே சட்டம் தடுக்கிறது. அந்தப் பக்கங்களிலாவது கண்காணிப்புக் குக்கீகளை முழுதாக எடுத்துவிடுங்கள்.

விளம்பர வருமானம் இல்லாமல் தளம் நடத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்சய திருதியைச் செய்திக்குப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட என் பழைய தேடல்கள் எதற்கு? நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விளம்பரம் பிடிக்கும் ‘ஸ்டெர்’, 2020இல் கண்காணிப்புக் குக்கீகளை விட்டுவிட்டு, பக்கத்தின் பொருளைப் பார்த்து விளம்பரம் போடத் தொடங்கியது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களிலும் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. நம் சந்தை வேறுதான். இருந்தாலும் ஒரு பகுதியில் சோதித்துப் பார்க்கலாமே?

‘ஏற்கிறேன்’ பட்டனுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில் ‘மறுக்கிறேன்’ பட்டன் வையுங்கள். இரண்டில் ஒன்றை அழுத்தும்வரை விளம்பரக் குக்கீ எதுவும் இறங்கக் கூடாது. மனம் மாறினால் திரும்பி வர, பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பு இருக்கட்டும். புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் வேண்டும், பதில் வருகிற முகவரியாக.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்