மின்கட்டமைப்பின் மீடிறனை மக்கள் பார்க்கத் தாருங்கள்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தேசிய மின்கட்டமைப்பின் மீடிறனை, அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணை, நொடிக்கு நொடி இணையத்தில் வெளியிடும்படி உத்தரவிடுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைவுகள், என்பது எமது கட்டமைப்பின் நாடித்துடிப்பு. தேவை உற்பத்தியை மிஞ்சினால் மின்பிறப்பாக்கிகளின் சுழற்சி தளர்ந்து மீடிறன் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும். நெடுந்தீவு போலத் தனியாக மின்பிறப்பாக்கி ஓட்டும் இடங்களை விட்டால், வடக்கே பருத்தித்துறையில் அளந்தாலும் தெற்கே தேவேந்திரமுனையில் அளந்தாலும் எண் ஒன்றுதான். இலத்திரனியலில் ஆர்வமுள்ள ஒரு மாணவன் வீட்டிலிருந்தே இதை அளந்துவிடுவான். பிறகு இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எமது கட்டமைப்பு சிறியது. அயல்நாட்டோடு இணைப்பும் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் அலகுகளில் ஒன்று நின்றாலே மீடிறன் சரியும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், மீடிறன் சட்டெனச் சரியாமல் தாங்கும் சடத்துவத்தைத் தரும் கனத்த சுழலிகள் சொற்பம். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாட்டையே இருளாக்கியது. நுரைச்சோலை அலகுகளும் நின்றதால், அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

அந்த வீழ்ச்சியை எந்த மீடிறன்மானியும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. எல்லாம் நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் உற்பத்திப் பற்றாக்குறை அப்படி வருவதில்லை. மாலை உச்சநேரத்தில் மீடிறன் 50க்குக் கீழேயே நிமிடக்கணக்கில் தள்ளாடினால், கட்டமைப்பு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இன்னும் சரிந்தால் தானியங்கிக் கருவிகள் பகுதி பகுதியாக மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்தச் சில நிமிடங்கள் ஐஸ் தொழிற்சாலைக்கும், அரிசி ஆலைக்கும், வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தோடு வாழும் நோயாளிக்கும் பெரிது.

மீடிறன் 50இல் அசையாமல் நிற்கையில் எங்கள் தெருவில் மட்டும் மின்சாரம் போனால், கோளாறு உள்ளூர்க் கம்பியிலோ மின்மாற்றியிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாட்டில் உற்பத்தி போதவில்லை என்ற சமாதானத்தை அதன்பின் எவரும் சொல்ல முடியாது. இதைத்தான் நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது. நண்பகலில் மீடிறன் எப்படி ஏறுகிறது என்பதை அவர்கள் கண்ணாலே கண்டிருந்தால், அக்கோரிக்கை இத்தனை சந்தேகத்தைக் கிளப்பியிருக்காது.

இந்தியா தன் மீடிறனை இணையத்தில் காட்டுகிறது. பிரித்தானியா நொடிவாரிப் பதிவுகளையே வெளியிடுகிறது. 2019 ஓகஸ்ட் 9 அன்று அங்கே மீடிறன் 48.8 ஹேர்ட்ஸுக்குச் சரிந்து சுமார் பத்து இலட்சம் பாவனையாளர்கள் மின்சாரம் இழந்ததை எவரும் எண்ணோடு எண்ணாக ஆராயலாம்.

நேரலையோடு பழைய பதிவுகளையும் தரவிறக்கத் தாருங்கள். நாடு தழுவிய மின்தடை ஒவ்வொன்றின் விசாரணை அறிக்கையோடும் அன்றைய மீடிறன் பதிவு இணைக்கப்பட வேண்டும். உங்கள் அடுத்த பொதுக் கலந்தாய்வில் இக்கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துமூலக் கருத்துகளுடன் வரக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்து மின் பாவனையாளர் ஒருவர்