ஆலோசகர் அறையில் 'காரணம்' என்றொரு கட்டம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் பிறந்த உத்தரவு அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்னும்போது, இப்படியோர் உத்தரவு இன்னும் முன்பே வந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் கேட்கிறது. ஆனால், ஆலோசகரை நியமித்துவிட்டால் மாணவர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று நிர்வாகங்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த அறையின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு உறக்கம் கெட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு கண் மூடாது. ஆய்வகத்தில், எடை போட்டு வைத்த உப்பை எடை போட்டதே நினைவில்லாமல் மறுபடியும் தராசில் வைப்பேன். பல வாரம் தயங்கிய பிறகு, ஒரு மதிய இடைவேளையில் எங்கள் கல்லூரியின் ஆலோசனை அறைக்குப் போனேன். அது நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில், முதல்வர் அறைக்கும் தேர்வுப் பிரிவுக்கும் நடுவில் இருந்தது. கட்டணம் கட்ட நிற்பவர்களின் வரிசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மேசை மேல் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. பெயர், பதிவு எண், துறை, வந்த நேரம் என்ற கட்டங்களுக்கு அடுத்துக் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. எனக்கு மேல் வரியில் என் துறை மாணவர் ஒருவரின் பெயரும், 'தூக்கமின்மை, வீட்டுப் பிரச்சினை' என்று அவர் கைப்பட எழுதியதும் இருந்தன. அவர் எழுதியதை நான் படித்தேன் என்றால், நான் எழுதப்போவதை அடுத்து வருபவர் படிப்பார். அந்தப் பதிவேடு மாதக் கடைசியில் துறைத் தலைவர்களின் பார்வைக்குப் போகும் என்று உதவியாளர் வேறு சொன்னார். போனஃபைடு சான்றிதழ் எங்கே வாங்குவது என்று கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

நம் கல்லூரிகளில் 'கவுன்சலிங்' என்ற சொல்லுக்கே வேறு பொருள்கள் படிந்துவிட்டன. வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால், பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு என்று நினைக்கிறார்கள். வகுப்பிலோ, வருகை குறைந்தவனையும் அரியர் வைத்தவனையும் 'கவுன்சலிங்குக்கு அனுப்புங்கள்' என்பது வழக்கம். கண்டிப்பதற்கு அது இன்னொரு பெயர். தண்டனையாக அனுப்பப்படும் இடத்துக்குத் தானாக நடந்து போக யாருக்கு மனம் வரும்?

எட்டு மாதம் கழித்து, அதற்குள் ஒரு தாளில் தவறிய பிறகு, அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மருந்து இப்போதைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லி, அங்கிருந்த உளவியலாளரிடம் அனுப்பினார். போன உடனே மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள் என்று நான் பயந்ததைப் போல எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் அந்த அம்மையார் அறிவுரை ஒன்றுகூடச் சொல்லவில்லை. எப்போதிலிருந்து விழிப்பு வருகிறது, விழித்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, உறங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். நான் சொல்வதை வீட்டாரிடமோ கல்லூரியிடமோ தாம் சொல்லப்போவதில்லை என்றும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. பத்து வாரம் போனேன். 'உனக்கென்ன குறை வைத்தோம்' என்று முதலில் அழுத அம்மா, ஏழாவது வாரம் தானும் உடன் வந்தார்.

ரகசியம் காப்பதாக அந்த உளவியலாளர் சொன்னது வெறும் நல்லெண்ணத்தில் கொடுத்த வாக்குறுதி அன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பு உரிமையை அளித்திருக்கிறது. மருத்துவமனையில் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, மாணவர்கள் முதலில் போகக்கூடிய கல்லூரி அறையில் ஏன் இருக்கக் கூடாது என்பதே என் கேள்வி. ஆலோசகரின் குறிப்புகள் அவரிடம் மட்டும் பூட்டி இருக்கட்டும். நிர்வாகத்துக்குத் தேவையென்றால் மாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். அறை நூலகத்தின் பக்கமோ மருந்தகத்தின் பக்கமோ இருக்கலாம். வகுப்பு முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் திறந்திருந்தால், அனுமதிக் கடிதத்தில் காரணம் எழுதும் சங்கடம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பேராசிரியர் ஒருவருக்கே இந்தப் பொறுப்பையும் கூடுதலாகக் கொடுத்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழு வரும் வாரத்தில் பெயர்ப்பலகை மாட்டும் பழக்கம் நிற்க வேண்டும் என்பது. அந்த ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 25 அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு மாணவி தன் பயத்தைச் சொல்ல மாட்டாள்.

நூறு பேருக்கும் குறைவாகப் படிக்கும் நிறுவனங்கள் வெளி ஆலோசகர்களோடு முறைப்படி தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், 'டெலி மானஸ்' போன்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவைகளின் எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நான் இரண்டு ஆண்டு தங்கியிருந்த விடுதியில் அந்த எண்ணை ஒரு சுவரிலும் பார்த்ததில்லை.

இக்கடிதத்தை வெளியிடும்போது என் பெயரையும் ஊரையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆலோசனை பெற்றதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் என் பெயர் தெரிந்தால் துறை தெரியும். துறை தெரிந்தால், அந்தப் பதிவேட்டில் எனக்கு மேல் வரியில் எழுதியிருந்தவர் யார் என்பதை உடன் படித்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
முதுகலை முடித்த மாணவி ஒருவர்