தொகுப்புதான், ஆனாலும் ஆல்பம்தான்

அன்புள்ள வசந்தி,

முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். சின்னவன் வேலை மாறிவிட்டான், சம்பளம் பரவாயில்லை, சாப்பாடுதான் கண்ட நேரத்தில். ராணி டீச்சர் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இவரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் குடை விவகாரம் அவரை இன்னும் விடவில்லை போல! சரி, அதெல்லாம் நேரில்.

இப்போது எழுத உட்கார்ந்ததே உன்னோடு சண்டை போடத்தான். போன கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதினாயே, "தொகுப்பு ரெக்கார்டெல்லாம் கடைக்காரன் கட்டிக்கொடுத்த பொட்டலம், அதைப் போய் ஆல்பம் என்கிறாய்" என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெரும்பாலான தொகுப்புகள் அப்படித்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைப் பாட்டுகளைத் தொகுத்த 'திஸ் இஸ் சோல்' அந்தக் கணக்கில் வராது, வசந்தி. 1968-ல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியான அட்லாண்டிக் இங்கிலாந்தில் போட்ட தட்டு, 12 ஷில்லிங் 6 பென்ஸ், முழு விலைத் தட்டில் பாதிகூட இல்லை. காசில்லாத இளசுகள் வாங்கட்டும், அப்புறம் மற்ற தட்டுகளையும் தேடி வருவார்கள் என்று போட்ட விளம்பரச் சரக்குதான். அப்படிப் போட்டதை இன்றைக்கும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காமல் கேட்க முடிகிறதே, அது ஏன் என்று நீ யோசித்தாயா?

நான் யோசித்தேன். வில்சன் பிக்கெட், கார்லா தாமஸ், பெர்ஸி ஸ்லெட்ஜ், ஓடிஸ் ரெடிங், எட்டி ஃபிளாய்ட், அரீத்தா ஃபிராங்க்ளின் என்று பாடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி. ஆனால் பின்னால் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். ஒன்று மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ, இல்லாவிட்டால் அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்கள். பிக்கெட்டின் 'மஸ்டாங் சாலி'யில் டிரம்ஸ் வாசித்த ராஜர் ஹாக்கின்ஸ்தான் பெர்ஸி ஸ்லெட்ஜுக்கும் வாசித்தார், அரீத்தாவுக்கும் வாசித்தார். மூன்றிலும் கீபோர்டு ஸ்பூனர் ஓல்ட்ஹாம். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வீடு மாறினாலும் மேளக்காரர் ஒருவரேயாக இருக்கிற ஊர்க் கல்யாணங்கள் மாதிரிதான் இந்தத் தட்டு. அதனால்தான் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது வேறு வீட்டுக்குள் நுழைந்த உணர்வே வருவதில்லை. பொட்டலமாம்!

'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டை எடுத்துக்கொள். பெர்ஸி ஸ்லெட்ஜ் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை பார்த்தவர். 1966-ல் அலபாமாவின் ஷெஃபீல்டில் பதிவான பாட்டு. ஓல்ட்ஹாம் வாசிக்கும் அந்த ஆர்கன், கோயில் பிரகாரத்தில் கேட்கிற மாதிரி நின்று நிதானமாக வருகிறது, அதன் மேல் இவர் தொண்டை கிழிய இறைஞ்சுகிறார். கடைசிப் பகுதியில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேரும் பார், அங்கே காதைத் தீட்டிக்கொண்டு கேள். சுருதி விலகியிருக்கும். நன்றாகவே விலகியிருக்கும். அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லருக்கு அது பிடிக்காமல், அந்த இடத்தை மறுபடி வாசித்து அனுப்பச் சொன்னார். அவர்களும் வாசித்து அனுப்பினார்கள். ஆனால் டேப் மாறிப்போய் பழையதே அச்சாகிவிட்டது, அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போய்விட்டது. உன் அண்ணனிடம் சொல், சுருதி சுத்தம் சுருதி சுத்தம் என்று நம் உயிரை வாங்கினாரே! அந்த விலகல் இல்லாமல் இந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மன்றாடுகிறவனுக்குக் குரல் பிசகாதா என்ன? இன்னொன்றும் உண்டு: பாட்டை எழுதியவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல், கூட வாசித்த கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் இருவருக்கும் விட்டுக்கொடுத்தார் ஸ்லெட்ஜ். அதனால் போன பணம் எவ்வளவு இருக்கும்!

ஓடிஸ் ரெடிங்கின் 'ஃபா ஃபா ஃபா' வேறு ரகம். அவருக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது. டிரம்பெட்டும் சாக்ஸும் என்ன வாசிக்க வேண்டும் என்று வாயாலேயே பாடிக் காட்டுவார். அந்தப் பாடிக் காட்டலே இந்தப் பாட்டில் பல்லவியாகிவிட்டது, அவர் 'ஃபா ஃபா' என்றதும் வாத்தியங்கள் அதையே திருப்பிச் சொல்லும். ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர், தெரியுமா? திரையை நோக்கிச் சரிகிற தரையைச் சமன் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள், எல்லோரும் அந்த ஒரே கூடத்தில் நின்று ஒன்றாக வாசித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும். வெளியே மெம்ஃபிஸில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே சிரமமாக இருந்த காலம் அது.

இதை எழுதும்போதுதான் மனசு கனக்கிறது. மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டலில் மட்டும் கறுப்பரும் வெள்ளையருமான இவர்கள் சேர்ந்து தங்க முடியும். 1966-ல் அங்கே ஒரு ராத்திரி, இடியும் மழையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது எட்டி ஃபிளாய்டும் ஸ்டாக்ஸின் கிதார்காரர் ஸ்டீவ் க்ராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதினார்கள். சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதை ஃபிளாய்ட் சொல்ல, அந்த இடியும் மின்னலும் பாட்டுக்குள் வந்துவிட்டன. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும் பாட்டு. அதே மோட்டலின் பால்கனியில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால், 1967 டிசம்பரில், விஸ்கான்சினில் ஏரிக்குள் விமானம் விழுந்து ஓடிஸ் போய்விட்டார். 26 வயது, வசந்தி. நம் சின்னவனைவிடச் சின்னப் பிள்ளை.

போதாக்குறைக்கு அந்த ஒப்பந்தம். ஸ்டாக்ஸ் தட்டுகளை ஊரெங்கும் விற்றுக் கொடுத்தது அட்லாண்டிக். அதனால்தான் இரண்டு கம்பெனிப் பாட்டும் ஒரே தட்டில் வந்தது. ஸ்டாக்ஸ் முதலாளி ஜிம் ஸ்டூவர்ட் 1965-ல் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தின்படி, அப்படி விற்ற பாட்டுகளின் மூல டேப்புகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். 1968-ல் பிரிகிற நேரத்தில்தான் அது தெரியவந்தது. அத்தனை வருஷம் அந்தச் சரிவுத் தரையில் நின்று வாசித்து உண்டாக்கியது கையை விட்டுப் போயிற்று. சட்டப்படி சரி என்பார்கள். எனக்கு அது திருட்டுதான். இந்தத் தட்டைக் கேட்கிற சந்தோஷத்தோடு இந்தக் கோபமும் எனக்குச் சேர்ந்தே வருகிறது.

அதனால் நீ தொகுப்பு என்று சொல்லிக்கொள், பரவாயில்லை. ஆனால் ஒரு தரம் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல். ஃபோனில் கேட்காதே, மாடியில் இருக்கிற பெரிய ஸ்பீக்கரில் கேள். பாட்டுகளை முன்னே பின்னே மாற்றாதே. அரீத்தாவின் 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' வரும்போது அடுப்படிக்குப் போய்விடாமல், ஓல்ட்ஹாமின் அந்த எலெக்ட்ரிக் பியானோ ஆரம்பத்தைக் கவனி, அவர் அதைக் கண்டுபிடிக்கும் வரை அன்றைக்கு ஸ்டுடியோவில் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை.

அப்புறம், பத்மாவின் புது நம்பரை அனுப்பு, பழையதில் யாரோ எடுக்கிறார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிடு. பதிலில் முழங்காலைப் பற்றி ரெண்டு வரி போதும், மிச்சமெல்லாம் இந்தத் தட்டைப் பற்றியே எழுது.

உன்,
கல்யாணி