சாப்பாட்டு மேசையில் தொடங்கிய மாத்திரை

நாகமலை புதுக்கோட்டை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உசிலம்பட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன், அதுதான் தாமதம். அக்கா நன்றாக இருக்கிறாள். சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. காலையில் இட்லி சாப்பிட்டதும் ஒரு இமாட்டினிப் மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீர். அப்புறம்தான் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பாள். தாள் கிழிபட்டிருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று கணக்கு.

உன் மகள் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், படிப்பு எப்போது முடியும், கல்யாணம் எப்போது என்று கவலைப்பட்டிருந்தாய். இந்த மாத்திரை வந்த கதையைக் கேள்.

1960-ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்தச் செல்லில், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் ஒன்று குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். மீதித் துண்டு என்ன ஆயிற்று என்று விளங்கவில்லை. விடை கண்டவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளின் அம்மா. பிள்ளைகள் வளரும்வரை வாரத்தில் சில நாள்தான் வேலைக்குப் போனார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்ப்பாராம். படிக்கிற காலத்தில் நாம் வெங்காய வேர்நுனியை நசுக்கி, விரலெல்லாம் சாயச் சிவப்போடு 16 குரோமோசோம் எண்ணினோமே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

22-வது குரோமோசோமில் காணாமல் போன துண்டு 9-வதின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1973-ல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 48! இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டதில் இரு மரபணுக்கள் ஒட்டிப்போய், செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும் புரதம் உருவாகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அந்தப் புரதத்தின் வாயை அடைப்பதுதான் இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் உச்ச நீதிமன்றம் 2013-ல் அதன் காப்புரிமையை மறுத்ததால், அக்கா மாதிரி ஆட்களுக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறது.

துண்டு மாறியதைப் பார்த்ததற்கும் மருந்துக்கும் நடுவில் 28 வருஷம். அவசரப்படுகிற வேலை இல்லை இது, செல்வி. இப்போது கத்தரிக்கோலுக்குப் பதில் கம்ப்யூட்டர், மனித டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்துகளில் பிழை தேட வேண்டும். பொறுமை அவளிடம் இருக்கிறது. போகச் சொல்.

சித்திரைத் திருவிழாவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. அக்காவும் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்க வருகிறாள், இருவரும் பேசட்டும்.

அன்புடன்,
மீனா