கணக்கு வாத்தியாரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய கணித தினத்துக்கு வரும் கட்டுரைகளில் ராமானுஜன் சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டிலிருந்து நேரே கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார். 1898 முதல் 1904 வரை அவர் படித்த எங்கள் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலுக்குக் கிடைப்பது ஒரு வரி. 1864இல் தொடங்கிய பள்ளி அது.

அங்கே மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர். சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். யாரை யாரிடம் போடுவது என்று வகுக்கும் வேலையை ராமானுஜனிடம் ஒப்படைத்திருக்கிறார். எல்லோரும் பையனை மெச்சுவார்கள். நான் மெச்சுவது வாத்தியாரை.

வேறொரு ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து, ஜூன் மாதம் தோறும் டைம்டேபிள் போட்டவன் நான். பெரிய அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டே வந்தால், கடைசியில் தமிழ் ஐயா ஒரே பீரியடில் இரண்டு வகுப்பில் நிற்பார். அதைச் சரிசெய்தால் டிரில் மாஸ்டருக்கு மூன்று வகுப்பு சேர்ந்து விழும். ஒருவர் மாற்றலாகிப் போனால் அத்தனையும் அழித்து எழுத வேண்டும். அந்த அட்டையை ஒரு மாணவன் கையில் கொடுக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. வந்திருந்தாலும் தலைமையாசிரியர் சும்மா விட்டிருப்பாரா?

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் வேறு மாதிரி. 1904இல் ரங்கநாத ராவ் கணிதப் பரிசை வழங்கும்போது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே போட வழியிருந்தால் இவனுக்குப் போடலாம் என்ற பொருள்படப் பேசினாராம். அடுத்து கல்லூரிக்குப் போன ராமானுஜன், மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தது தெரிந்த கதைதான்.

சரி, இவ்வளவாவது நமக்குத் தெரிவது பையன் பிரபலமானதால். மற்றப் பள்ளிகளின் கதை? நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வருடம் வெள்ளையடித்தபோது பழைய வருகைப் பதிவேடு, டைம்டேபிள் நோட்டு எல்லாம் எடைக்குப் போய்விட்டன. 1978இல் பிளஸ் டூ வந்தபோது எந்த வகுப்பறையை லேப் ஆக்கினார்கள், புதுப் பாடங்களை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் இன்று ஆளுமில்லை, தாளுமில்லை.

இந்த டிசம்பர் 22க்கு உங்கள் நாளிதழ் ஒரு பக்கம் ஒதுக்கி, நம் மாவட்டப் பள்ளிகளின் பழைய ஆசிரியர்களைப் பற்றி வாசகர்களிடம் கேட்டு வாங்கி வெளியிடலாம். தலைமையாசிரியர்களும் பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன் பழைய மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டட்டும். செல்போனில் படம் எடுத்து வைத்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.